மூன்றாவது விதி

தேடுகிற தொழில் மனிதனுக்குப் புதியதல்ல. எழுதத் தொடங்கிய அன்றைக்கே, எழுதியதை எங்கே வைத்தோம் என்று தேடவும் அவன் தொடங்கியிருப்பான். ஒரே ஒரு சுவடி இருக்கிற வீட்டில் தேட வேண்டிய அவசியம் இல்லை. பத்துச் சுவடி சேர்ந்தால் ஞாபகம் போதும். ஆயிரம் சுவடி சேர்ந்துவிட்டால் ஞாபகம் கைவிட்டுவிடும். அப்போது ஒரு ஜாபிதா வேண்டும். ஜாபிதாவே ஆயிரம் ஏடுகளாகப் பெருகிவிட்டால், அதைப் பார்த்துச் சொல்ல ஒரு மனிதர் வேண்டும். அந்த மனிதராலும் முடியாமற்போனால் ஒரு யந்திரம் வேண்டும். தேடுகிற கலையின் சரித்திரம் ஏறக்குறைய இவ்வளவுதான். இப்போது அந்தச் சரித்திரத்தில் இன்னொரு வாக்கியம் எழுதப்பட்டு வருகிறது. சுவடி எங்கே இருக்கிறது என்று காட்டி வந்த யந்திரம், சுவடியில் என்ன இருக்கிறது என்று தானே சொல்லத் தொடங்கிவிட்டது. அந்த மாறுதலைப் பற்றி எனக்குத் தோன்றுவதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் பழைய கதையைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

கிறிஸ்து பிறப்பதற்கு மூன்று நூற்றாண்டுகளுக்கு முன், எகிப்து நாட்டு அலெக்ஸாண்டிரியா நகரத்தில் பெரிய நூல் நிலையம் ஒன்று இருந்தது. அங்கே குவிந்து கிடந்த நூல்களுக்குக் கல்லிமாக்கஸ் என்ற கிரேக்கக் கவிஞர் ஒரு ஜாபிதா தயாரித்தார். ஜாபிதா மட்டுமே 120 சுருள்கள். நூல்களை இனம் இனமாகப் பிரித்து, ஆசிரியர் பெயரை அகர வரிசையில் எழுதி, ஒவ்வொரு நூலின் முதல் அடியையும், மொத்தம் எத்தனை வரிகள் என்ற கணக்கையும் அதில் குறித்திருந்தாராம். நம் பழைய பதிப்புகளின் கடைசியில் இருக்கும் பாட்டு முதற்குறிப்பு அகராதியை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். தேவை ஒன்றாக இருந்தால் வழியும் ஒன்றாகவே இருக்கிறது.

பிறகு 13-ஆம் நூற்றாண்டில், பாரிஸ் நகரத்தில் ஹியூ என்ற பாதிரியாரின் தலைமையில் டொமினிக்கன் துறவிகள் பலர் கூடி இன்னொரு காரியம் செய்தார்கள். பைபிளில் வரும் சொற்களையெல்லாம் எடுத்து வரிசைப்படுத்தி, ஒவ்வொரு சொல்லும் எந்தெந்த இடத்தில் வருகிறது என்று எழுதி வைத்தார்கள். புத்தகத்தைத் திறந்து சொல்லைத் தேடுவதற்குப் பதில், சொல்லைப் பிடித்துக்கொண்டு புத்தகத்துக்குள் போகலாம். இன்றைய தேடுபொறிகளின் வயிற்றுக்குள் இருப்பது இதே ஏற்பாடுதான். துறவிகள் செய்த வேலையை மின்சாரம் செய்கிறது. ஒரு நூலுக்குச் செய்தது கோடிக்கணக்கான பக்கங்களுக்கு நடக்கிறது.

நமக்கு இன்னும் நெருங்கிய ஒரு மனிதரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். சீர்காழியில் 1892-ஆம் ஆண்டில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் போதித்துக்கொண்டிருந்தவர் எஸ். ஆர். ரங்கநாதன். 1924-இல் அவரைச் சென்னைச் சர்வகலாசாலையின் நூலகராக நியமித்தார்கள். வகுப்பறையின் சந்தடியில் பழகியவருக்கு நூல் நிலையத்தின் மௌனம் பிடிக்கவில்லை. பழைய வேலைக்கே திருப்பி அனுப்பிவிடும்படி கேட்டுப் பார்த்தார். இங்கிலாந்துக்குப் போய் அங்கே நூல் நிலையங்கள் எப்படி நடக்கின்றன என்று பார்த்து வாருங்கள், பிறகு பேசலாம் என்றார்கள். போனார், பார்த்தார், திரும்பி வந்தபோது வேறு மனிதராக வந்தார். லண்டன் கடை ஒன்றில் குழந்தைகள் பூட்டிக் கழற்றி விளையாடும் மெக்கானோ பொம்மையைப் பார்த்துத்தான், சின்னச் சின்னத் துண்டுகளைச் சேர்த்து எந்த விஷயத்துக்கும் ஓர் எண் கட்டிவிடும் கோலன் பகுப்பு முறை அவர் மனத்தில் உதித்தது. 1933-இல் அது நூலாக வெளிவந்தது.

அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1931-இல், அவர் நூலகக் கலைக்கு ஐந்து விதிகளை வகுத்து வெளியிட்டிருந்தார். உலகம் முழுவதும் நூலகர்கள் இன்றைக்கும் படிக்கிற விதிகள் அவை. சாரத்தை மட்டும் சொல்கிறேன். நூல்கள் பூட்டி வைப்பதற்கு அல்ல, பயன்படுவதற்கே என்பது முதல் விதி. வாசகன் ஒவ்வொருவனுக்கும் அவனுக்கு வேண்டிய நூல் கிடைக்கச் செய்ய வேண்டும் என்பது இரண்டாவது. நூல் ஒவ்வொன்றுக்கும் அதற்கு உரிய வாசகன் கிடைக்கச் செய்ய வேண்டும் என்பது மூன்றாவது. வாசகனுடைய நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது நாலாவது. நூல் நிலையம் வளர்ந்துகொண்டே இருக்கும் ஓர் உயிர் என்பது ஐந்தாவது.

இரண்டாவது விதியையும் மூன்றாவது விதியையும் படித்தவுடன், ஒன்றையே திருப்பிப் போட்டுச் சொல்கிறார் என்று தோன்றும். நானும் நண்பர்கள் பலரிடம் கேட்டுப் பார்த்திருக்கிறேன். வித்தியாசம் என்ன என்று யோசிக்க எல்லோருக்கும் கொஞ்ச நேரம் ஆகிறது. வித்தியாசம் பெரியது. இரண்டாவது விதி, தேடி வருகிறவனின் கட்சி. மூன்றாவது விதி, அலமாரியில் வாய் பேசாமல் காத்திருக்கும் நூலின் கட்சி. ஒருவன் தனக்கு வேண்டிய நூலைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விடலாம். கேட்கத் தெரியாததால் கேட்கப்படாமலே கிடக்கிற நூலுக்கு யார் பரிந்து பேசுவது? அலமாரிகளைத் திறந்து விடுங்கள், இனத்தோடு இனமாக அடுக்குங்கள், ஒன்றைத் தேடி வருகிறவனுடைய கண்ணில் பக்கத்தில் இருப்பதும் படட்டும் என்கிறது மூன்றாவது விதி. இந்த விதியை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். இன்றைய தேடுபொறிகளில் நடந்துகொண்டிருக்கும் மாறுதலை அளந்து பார்க்க இதைவிடச் சிறந்த முழக்கோல் எனக்குக் கிடைக்கவில்லை.

இனி யந்திரங்களின் கதைக்கு வருவோம்.

1990-இல், கனடா தேசத்து மான்ட்ரீல் நகரில் மக்கில் சர்வகலாசாலையில் இருந்த ஆலன் எம்டேஜ் என்ற பார்படோஸ் தீவு இளைஞர் ‘ஆர்ச்சி’ என்று ஒன்றைச் செய்தார். அங்கங்கே கம்ப்யூட்டர்களில் பொதுவாக வைத்திருந்த கோப்புகளின் பெயர்களைத் திரட்டி, எது எங்கே இருக்கிறது என்று சொல்லும் யந்திரம் அது. இணையத் தேடுபொறிகளுக்கு அதைத்தான் பாட்டனார் என்பார்கள். 1994-இல் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு சர்வகலாசாலை மாணவர்களான ஜெரி யாங், டேவிட் ஃபிலோ இருவரும் தாங்கள் பார்த்த நல்ல பக்கங்களைத் துறை வாரியாகப் பட்டியல் போட ஆரம்பித்தார்கள். அதுதான் ‘யாஹூ’ ஆயிற்று. மனிதர்கள் உட்கார்ந்து பார்த்துப் பார்த்துத் தொகுத்த ஜாபிதா, கல்லிமாக்கஸின் வழி. பக்கங்கள் பெருகின வேகத்துக்கு மனிதக் கை ஈடு கொடுக்கவில்லை. 2014-இல் அந்த ஜாபிதாவையே மூடிவிட்டார்கள். 1995 டிசம்பரில் வந்த ‘ஆல்டாவிஸ்டா’ பாரிஸ் துறவிகளின் வழியைப் பின்பற்றியது. இணையம் முழுவதும் ஊர்ந்து போய்ப் பக்கங்களைப் படியெடுத்துக்கொண்டு வரும் சிலந்திகள் என்ற நிரல்களை ஏவி, வந்த பக்கங்களில் உள்ள சொற்களுக்கெல்லாம் அட்டவணை போட்டது.

அட்டவணை இருந்தால் மட்டும் போதாது. ஒரு சொல் லட்சம் பக்கங்களில் இருந்தால் எதை முதலில் காட்டுவது? கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி செய்துவந்த காரென் ஸ்பார்க் ஜோன்ஸ் என்ற அம்மையார் இந்தக் கேள்விக்கு ஒரு பாதி விடையை 1972-லேயே எழுதி வைத்திருந்தார். எல்லா ஏடுகளிலும் வருகிற சொல்லுக்கு எடை குறைவு; சில ஏடுகளில் மட்டும் வருகிற அரிய சொல்லுக்கு எடை அதிகம். ‘கீல்வாதத்துக்கு நல்ல மருந்து’ என்று ஒருவன் தேடினால் ‘நல்ல’ என்ற சொல் எங்கும் இருக்கும். ‘கீல்வாதம்’ என்ற சொல்தான் வழிகாட்டும். எளிய யோசனை. ஆனால் எளிய யோசனைக்கும் யாராவது ஒருவர் முதலில் யோசிக்க வேண்டியிருக்கிறதே!

மற்றொரு பாதி விடையைத் தந்தவர்கள் லாரி பேஜ், செர்ஜி பிரின் என்ற இரண்டு ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள். 1998-இல் அவர்கள் தொடங்கிய கம்பெனிதான் கூகிள். அவர்களுடைய யோசனைக்கு மூதாதை ஒன்று உண்டு. யூஜின் கார்ஃபீல்டு என்பவர், எந்த விஞ்ஞானக் கட்டுரையை எந்தெந்தக் கட்டுரைகள் மேற்கோள் காட்டியிருக்கின்றன என்று 1964-இல் ஓர் அட்டவணை வெளியிட்டார். பலர் மேற்கோள் காட்டினால் அந்தக் கட்டுரைக்கு மதிப்பு இருக்கிறது என்று அர்த்தம். பேஜும் பிரின்னும் இணையப் பக்கங்களுக்கு இதையே பொருத்திப் பார்த்தார்கள். ஒரு பக்கத்தை எழுதுகிறவர் இன்னொரு பக்கத்துக்கு வழி காட்டி ஓர் இணைப்புக் கொடுத்தால், அது ஓர் ஓட்டு. பெரியவர் கொடுத்த ஓட்டுக்கு மதிப்பு அதிகம். இந்த ஓட்டுக் கணக்கை வைத்து வரிசைப்படுத்தினார்கள். உலகம் வியந்து பார்த்தது.

அந்த யந்திரத்தின் பலம் யந்திரத்தில் இல்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். எங்கோ இருந்த ஆயிரம் பேர், இதைப் படித்தேன், நன்றாக இருந்தது, நீயும் போய்ப் பார் என்று சொன்ன சொல்லைத்தான் அது கூட்டிப் பெருக்கிக் காட்டியது. பெயர் தெரியாத ஒருவர் எழுதிய நல்ல பக்கத்துக்குப் பல்லாயிரம் மைல் தள்ளி ஒரு வாசகன் கிடைத்தான். ரங்கநாதனுடைய மூன்றாவது விதி ஒரு கம்பெனியின் கஜானாவை நிரப்புகிற அளவுக்குப் பலித்துவிட்டது.

இதில் ஓர் எழுதாத ஒப்பந்தமும் இருந்தது. தேடுபொறியின் சிலந்தி என் பக்கத்துக்குள் வந்து படியெடுத்துக்கொண்டு போகலாம். அதற்குப் பதிலாக எனக்கு வாசகர்களை அனுப்ப வேண்டும். வரக் கூடாது என்று நினைத்தால் வாசலில் ஒரு சீட்டு ஒட்டிவிடலாம். 1994-இல் மார்ட்டின் கோஸ்டர் என்பவர் வகுத்த வழக்கம் இது. சட்டம் அல்ல, மரியாதை. அந்த மரியாதையின் பேரில்தான் கால் நூற்றாண்டுக்கு மேல் இணையம் நடந்தது.

எல்லாம் ஒழுங்காக இருந்தது என்று நான் சொல்லவில்லை. விளம்பரங்கள் மேலே ஏறி உட்கார்ந்தன. ஓட்டுக் கணக்கை ஏமாற்றுவதையே தொழிலாகக் கொண்டவர்கள் தோன்றினார்கள். ரசம் வைக்கும் முறையைத் தேடிப் போனால், எழுதியவரின் பால்யம் முதல் பதினைந்து பத்தி படித்துவிட்டுத்தான் புளிக்கு வர வேண்டியிருந்தது. சந்தைக் கூச்சலில் வழி கேட்கிறவனைப்போல வாசகன் களைத்துப் போயிருந்தான். களைத்தவனிடம், நீ எங்கும் போக வேண்டாம், நானே சொல்லிவிடுகிறேன் என்று ஒருவன் சொன்னால் அது இனிக்கத்தானே செய்யும்?

மாறுதல் ஒரே நாளில் வரவில்லை, படிப்படியாக வந்தது. 2012-இல் கூகிள், மனிதர்கள், ஊர்கள், தேதிகள் முதலிய தகவல்களை ஒரு பெட்டியில் போட்டுத் தானே காட்ட ஆரம்பித்தது. 2015-இல், இதற்கு முன் யாருமே கேட்டிராத கேள்விகளைப் புரிந்துகொள்ள, தானே கற்றுக்கொள்ளும் நிரல் ஒன்றை உள்ளே வைத்தது. தினமும் வரும் கேள்விகளில் நூற்றுக்கு 15 அப்படிப் புத்தம் புதியவையாம். 2017-இல் அந்தக் கம்பெனியின் ஆராய்ச்சியாளர்கள் எட்டுப் பேர், ஒரு வாக்கியத்தின் சொற்களெல்லாம் ஒன்றையொன்று எப்படிப் பார்த்துக்கொள்கின்றன என்று கணக்கிடும் புது முறையை வெளியிட்டார்கள். இன்றைய செயற்கை நுண்ணறிவுக் கட்டடத்துக்கு அதுதான் கடைக்கால்.

அந்த முறையால் வந்த லாபத்துக்கு ஓர் உதாரணம். பிரேஸில் நாட்டுக்காரர் ஒருவர் அமெரிக்காவுக்குப் போக விசா வேண்டுமா என்று ஆங்கிலத்தில் கேட்டால், பழைய யந்திரம் நமது நான்காம் வேற்றுமை உருபுக்கு ஒப்பான சின்னச் சொல்லைப் பதர் என்று தள்ளிவிடும். அமெரிக்கர்கள் பிரேஸிலுக்குப் போவதைப் பற்றிய பக்கங்களைக் கொண்டுவந்து கொட்டும். 2019-இல் வந்த புது யந்திரம் அந்தச் சின்னச் சொல்லில்தான் யார் எங்கே போகிறார்கள் என்ற செய்தி இருக்கிறது என்று தெரிந்துகொண்டது. வேற்றுமை உருபுக்கு நம் இலக்கணக்காரர்கள் ஏன் அவ்வளவு இடம் கொடுத்தார்கள் என்பது அமெரிக்காவுக்குப் புரிய இத்தனை காலம் ஆயிற்று!

2022 நவம்பர் 30-ஆம் தேதி, ஓப்பன்ஏஐ என்ற ஸ்தாபனம் ‘சாட்ஜிபிடி’யை வெளியிட்டது. கேட்டதற்கு மனிதனைப்போல வாக்கியம் வாக்கியமாகப் பதில் சொன்னது அது. அதே வருஷத்தில், சென்னையில் பிறந்து ஐ.ஐ.டி.யில் படித்த அரவிந்த் ஸ்ரீநிவாஸும் வேறு சிலரும் சேர்ந்து, கேள்விக்குப் பதிலையே தரும் ‘பெர்ப்ளெக்ஸிடி’ என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். 2023 பிப்ரவரியில் மைக்ரோஸாஃப்ட் தன் ‘பிங்’ தேடுபொறியில் இந்த வித்தையைச் சேர்த்தது. மதுரையில் பிறந்த சுந்தர் பிச்சையின் தலைமையில் இருந்த கூகிளும் அவசரமாக ‘பார்ட்’ என்ற தன் யந்திரத்தை அறிவித்தது. அந்த அறிவிப்பு விளம்பரத்திலேயே ஒரு பிழை. சூரிய மண்டலத்துக்கு வெளியே உள்ள கிரகத்தை முதலில் படம் பிடித்தது ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி என்று யந்திரம் சொல்லிவிட்டது. உண்மையில் அந்தப் படத்தை 2004-லேயே தென் அமெரிக்காவில் சிலி நாட்டில் இருக்கும் தொலைநோக்கியால் எடுத்துவிட்டார்கள். ஒரே நாளில் அந்தக் கம்பெனியின் பங்கு மதிப்பில் சுமார் 10,000 கோடி டாலர் கரைந்தது. ஒரு வாக்கியப் பிழைக்கு இவ்வளவு அபராதம் எந்தப் புலவரும் கட்டியதில்லை.

இருந்தும் யாரும் நிற்கவில்லை. 2024 மே மாதம் அமெரிக்காவிலும், ஆகஸ்டில் இந்தியாவிலும் கூகிள் தன் தேடல் பக்கத்தின் உச்சியிலேயே யந்திரம் எழுதிய சுருக்கத்தைக் காட்டத் தொடங்கியது. பீட்ஸாவில் பாலாடைக் கட்டி வழுக்காமல் இருக்கக் கொஞ்சம் பசை சேர்க்கலாம் என்றும், தினம் ஒரு சின்னக் கல்லாவது சாப்பிடுவது நல்லது என்றும் அது சொன்ன கதைகள் ஊரெல்லாம் சிரிப்பாய்ச் சிரித்தன. முதலாவது, அரட்டைப் பக்கம் ஒன்றில் யாரோ வேடிக்கைக்கு எழுதியது. இரண்டாவது, ஒரு நையாண்டிப் பத்திரிகையின் கேலி. மூலத்துக்கே போய்ப் பார்த்திருந்தால், பத்து வயதுக் குழந்தைகூட இது வேடிக்கை என்று சொல்லியிருக்கும். மூலத்திலிருந்து பிய்த்து எடுத்து, நிதானமான உரைநடையில் வைத்தபோது வேடிக்கை உபதேசமாகிவிட்டது.

இப்படி ஏன் நடக்கிறது? இந்த யந்திரம் கோடானுகோடிப் பக்கங்களைப் படித்து, எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரும் என்ற பழக்கத்தைக் கற்றிருக்கிறது. கேள்வி வந்ததும், தேடுபொறி சில பக்கங்களைப் பொறுக்கி அதன் முன்னே வைக்கிறது. அவற்றையும் தன் பழக்கத்தையும் கலந்து அது பதில் கோக்கிறது. பெரும்பாலும் சரியாகவே கோக்கிறது. ஆனால் தெரிந்ததைச் சொல்லும்போதும் தெரியாததைச் சொல்லும்போதும் குரல் ஒன்றாகவே இருக்கிறது. நியூயார்க்கில் ஒரு விமானக் கம்பெனிமீது வழக்கு நடத்திய வக்கீல்கள் சாட்ஜிபிடியை நம்பி, உலகத்திலேயே நடக்காத ஆறு வழக்குகளின் தீர்ப்புகளைக் கோர்ட்டில் எடுத்துக்காட்டினார்கள். 2023 ஜூனில் நீதிபதி அவர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதித்தார்.

பிழைகளைப் பற்றி நான் பெரிதாகக் கவலைப்படவில்லை. பிழைகள் குறையும், குறைந்துகொண்டும் வருகின்றன. மனிதன் எழுதிய புத்தகங்களில் பிழை இல்லையா? என் கவலை வேறு. அந்தப் பதில் முழுவதும் சரியாக இருந்தாலும் நீங்காத கவலை அது.

சமீபத்தில் ஒரு நாவலுக்காக, பழைய காலத்துச் சத்திரங்களில் வழிப்போக்கர்களுக்கு எப்படிச் சாப்பாடு போட்டார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. கேட்டேன். நாலு வரியில் பதில் வந்தது. யார் யார் சத்திரம் கட்டினார்கள், எப்படி மானியம் விட்டார்கள், என்ன பரிமாறினார்கள். தப்பு ஒன்றும் இல்லை. அடியில் சின்னதாக இரண்டு மூன்று இணைப்புகள் இருந்தன. ஒன்றைத் தொட்டேன். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் தம் ஊர்ச் சத்திரத்தைப் பற்றி எழுதிய பக்கம் அது. நீண்ட பக்கம், எழுத்துப் பிழைகள்கூட உண்டு. கடைசிப் பந்தி போடுமுன் சமையற்காரர் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, ரஸ்தாவின் இரண்டு பக்கமும் பார்ப்பாராம். தூரத்தில் யாராவது நடந்து வருவது தெரிந்தால் அடுப்பை அணைக்க மாட்டாராம். இதை அந்த ஆசிரியருடைய பாட்டி சொல்லியிருக்கிறாள். என் நாவலுக்கு வேண்டியிருந்தது அந்தச் சமையற்காரர். யந்திரத்தின் நாலு வரியில் அவர் இல்லை. யந்திரத்தைக் குறை சொல்லியும் பயனில்லை. சுருக்கம் என்றால் அவரைப் போன்றவர்களை விட்டுவிடுவதுதான்.

அந்தப் பக்கத்தின் அடியில், இதுவரை எத்தனை பேர் படித்திருக்கிறார்கள் என்ற கணக்கு இருந்தது. பழைய வருஷங்களில் வாசகர்கள் எழுதிய குறிப்புகள் இருந்தன; எங்கள் ஊரிலும் இப்படி ஒரு சத்திரம் உண்டு என்று ஒருவர், அந்தச் சமையற்காரர் என் தாத்தாவின் அண்ணன் என்று ஒருவர். சமீபத்திய குறிப்பு ஒன்றும் இல்லை. அவர் எழுதியதை யந்திரம் படித்துவிட்டது. சாரத்தை வழங்கிக்கொண்டும் இருக்கிறது. ஆனால் வழங்கப்படுகிறது என்ற செய்தி அவருக்கு எட்டாது. அவருடைய வாசலுக்கு யாரும் வருவதில்லை. அடுத்த கட்டுரையை அவர் யாருக்காக எழுதுவார்?

இது ஒருவருடைய கதை என்று தள்ளிவிட முடியவில்லை. அமெரிக்காவில் பியூ ஆராய்ச்சி நிலையம் 2025 மார்ச் மாதத்தில் 900 பேர் இணையத்தில் தேடிய விதத்தைக் கவனித்து ஜூலையில் கணக்கு வெளியிட்டது. யந்திரச் சுருக்கம் இல்லாத தேடல்களில் நூற்றுக்கு 15 தடவை மக்கள் ஏதாவது ஓர் இணைப்பைத் தொட்டு உள்ளே போனார்கள். சுருக்கம் இருந்தபோது 8 தடவைதான் போனார்கள். சுருக்கத்திலேயே கொடுத்திருந்த மூல இணைப்பைத் தொட்டது நூற்றுக்கு ஒரே ஒரு தடவை. கணக்கெடுத்த முறை சரியல்ல என்று கூகிள் மறுத்தது. அவர்கள் பக்கத்துக் கணக்கு வேறாக இருக்கலாம். ஆனால் பத்திரிகைகளும் பதிப்பாளர்களும் கோர்ட்டுப் படி ஏறத் தொடங்கியிருப்பது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. எழுதாத ஒப்பந்தம் முறிந்தால், எழுதிய சட்டத்தைத்தானே தேட வேண்டும்?

எனவே ரங்கநாதனின் முழக்கோலை எடுத்து அளந்து பார்க்கிறேன். நாலாவது விதியை, அதாவது வாசகனின் நேரத்தை மிச்சப்படுத்துவதை, இவ்வளவு சிறப்பாக நிறைவேற்றிய யந்திரம் உலகத்தில் வந்ததில்லை. ஆங்கிலம் தெரியாத குடியானவன் தன் பயிரில் விழுந்த புழுவைப் பற்றித் தமிழிலேயே வாயால் கேட்டுத் தமிழிலேயே பதில் பெறலாம். கண் தெரியாதவர் காதால் கேட்கலாம். எதைக் கேட்பது என்றே தெரியாதவன்கூடத் தட்டுத் தடுமாறிக் கேட்டால் அது புரிந்துகொள்கிறது. இவற்றையெல்லாம் அற்பம் என்று சொல்பவன் இதயமில்லாதவன். ஆனால் மூன்றாவது விதி? நூலுக்கு உரிய வாசகன்? அந்த இடத்தில் முழக்கோல் எட்டாமல் நிற்கிறது. மூன்றாவது விதி போனால் ஐந்தாவதும் நிலைக்காது. வாசகன் வராத வீட்டில் எழுத்தாளன் குடியிருக்க மாட்டான். புதிதாக எழுதுகிறவர்கள் குறைந்தால் யந்திரம் எதைப் படித்துப் பதில் சொல்லும்? தான் எழுதியதையே தான் படித்து, கஞ்சியில் தண்ணீர் விட்டுக்கொண்டே போகவேண்டியதுதான். பக்கம் ஏராளமாக இருக்கும் ஆங்கிலம் இதைச் சில காலம் தாங்கும். பக்கம் குறைவாக இருக்கும் தமிழுக்கு ஓர் ஆசிரியர் எழுதுவதை நிறுத்தினாலும் நஷ்டம் அதிகம்.

தொகுத்துச் சொல்வது பாவம் என்று நான் நினைக்கவில்லை. நம்முடைய உரையாசிரியர்கள் செய்ததும் அதுதான். அவர்கள் மேற்கோள் காட்டி வைத்ததனாலும், முழு நூலும் அழிந்துபோன வளையாபதியின் சில பாடல்களாவது நமக்கு மிஞ்சின. காலட்சேபம் செய்கிற பாகவதரும், கதையைத் தம் வாக்கில் சொன்னாலும், முதலில் கவியின் பெயரைச் சொல்லிக் கும்பிட்டுவிட்டுத்தான் ஆரம்பிக்கிறார். யந்திரமும் அப்படிப் பெயர் சொல்லலாம். பொடி எழுத்தில் அடியில் சொல்லாமல், இன்னார் எழுதியிருக்கிறார் என்று வாக்கியத்துக்குள்ளேயே உரக்கச் சொல்லலாம். சொன்னதில் வந்த லாபத்தில் எழுதினவருக்கும் ஒரு பங்கு கொடுக்கலாம். இது முடியாத காரியம் அல்ல. யந்திரத்தை ஆக்கியவர்கள் விரும்பினால் நடக்கிற காரியம். விரும்ப வைப்பது வாசகர்களின் கையில் இருக்கிறது.

நச்சினார்க்கினியர் சீவக சிந்தாமணி உரையில் பழைய பாடல்களை எடுத்துக்காட்டிவிட்டு, பல இடங்களில் ‘என்றார் பிறரும்’ என்று மட்டும் சொல்லிப் போய்விடுவார். எந்த நூல், எந்தப் புலவர் என்று சொல்ல மாட்டார். சிந்தாமணியைப் பதிப்பிக்க முற்பட்ட உ. வே. சாமிநாதையர் இந்த இடங்களில் வெகுவாகத் திணறினார். பொருள் விளங்கிவிட்டதே, இதுவே போதும் என்று அவர் விட்டுவிடவில்லை. அந்தப் பிறர் யார் என்று ஏடு ஏடாகத் தேடினார். திருவாவடுதுறை மடத்தில் கிடைத்த பழைய சுவடிகளில் அந்த அடிகளைக் கண்டபோதுதான், தாம் அதுவரை படித்திராத ஒரு பெரிய இலக்கியம் இருப்பது அவருக்குத் தெரிந்தது. சிந்தாமணி 1887-இல் வந்தது. பத்துப்பாட்டு 1889-இல் வந்தது. புறநானூறு 1894-இல் வந்தது. இந்த நூல்கள் இன்று நம் கையில் இருப்பதற்கு, அந்தப் பிறர் யார் என்று ஒருவர் விடாமல் கேட்டதும் ஒரு காரணம்.